அப்பாவின் வண்டியில் இடப்பக்கத்துப் படி

தம்பி,

உன் அத்தை தெலுக் இந்தானில் உட்கார்ந்துகொண்டு சொல்லி வருவது உன் காதுக்கும் எட்டியிருக்கும். உன் அப்பா போய் ஈரம் காய்வதற்குள் அவருடைய மோட்டார் சைக்கிளை நான் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்கிறாள். கோயிலில் சொன்னாள், இரண்டு கல்யாண வீடுகளில் சொன்னாள், பசாரில் மீன் வாங்கும்போதுகூடச் சொன்னாளாம். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்தியவள் நான். தவறு என்று தெரிந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக எனக்கு வராது. ஊர் கேட்கச் சொன்னதை ஊர் கேட்கத்தான் திருத்த வேண்டும். அதனால் இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை உனக்குத் தபாலில் போட்டுவிட்டு, இன்னொன்றை ஞாயிறு பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். வண்டியை நான் விற்கவில்லை. விற்கக் கொடுத்தேன் என்பது உண்மை. பதினொரு வாரம் அது வீட்டில் இல்லை என்பதும் உண்மை. இன்று அது ஈப்போவில், நம் சிலிபின் வீட்டின் முன்கூரைக்குக் கீழே, கார் நின்ற இடத்தில் நிற்கிறது. என் கார் வெளியே மழையில் நனைகிறது. உன் அத்தை வந்து பார்க்கலாம். வருவதற்கு முன் போன் செய்யட்டும்.

இந்த உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், சொல்ல விரும்பாத சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் அப்பாவின் சாவு நாள். நீ ஜொகூரிலிருந்து உன் பெரிய மோட்டார் சைக்கிளிலேயே வந்து இறங்கினாய். நீ வருவதற்கு முன்பே அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் கூட்டம் வந்துவிட்டது. நம் தெருவில் முனையிலிருந்து முனை வரை வண்டிகள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கூட்டத்தில் ஒருவர் இறந்தால், சவ வண்டிக்கு முன்னால் இறந்தவரின் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு போகும். அதை வீட்டு ஆள் ஒருவர் ஓட்டுவார். பின்சீட்டில் யாரும் உட்காரமாட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் பின்னால் வருவார்கள். நீ என்னிடம் வந்து, "அம்மா, அப்பா வண்டிய நான் ஓட்டுறேன், கொள்ளிச் சட்டிய சுடலைக்குப் போற வரைக்கும் சித்தப்பா வச்சிருக்கட்டும்" என்றாய். கொள்ளி வைக்கிற பிள்ளை சவ வண்டியில்தான் ஏற வேண்டும் என்றேன். அதில் தவறில்லை. "சரிம்மா, அப்ப மெக்கானிக் சேகர் அண்ணன் ஓட்டட்டும்" என்றாய். அதற்கு நான் சம்மதித்திருக்கலாம்.

நான் வாசலுக்குப் போனேன். இது சாவு வீடா, பந்தயத் திடலா என்று கேட்டேன். எல்லோரும் இஞ்சினை நிறுத்துங்கள், வர விரும்புகிறவர்கள் பஸ்ஸில் வாருங்கள் என்றேன். வண்டியின் சாவி அப்போது என் கைப்பையில்தான் இருந்தது. காலையிலேயே எடுத்து உள்ளே போட்டு ஜிப்பை இழுத்திருந்தேன். ஒவ்வொரு வண்டியாகச் சத்தம் நின்றது. உன் முகத்தைப் பார்த்தேன், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன். நீ கொள்ளி வைத்தாய், பதினாறாம் நாள் காரியம் வரை ஒரு குறையில்லாமல் செய்தாய், பிறகு என்னிடம் சொல்லாமல் உன் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாய். சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது நம் வழக்கம். ஆனால் காரியம் முடிந்த பிறகு அந்த வழக்கம் இல்லை என்று உனக்கும் தெரியும். பதினொரு மாதமாக நீ எனக்கு அனுப்புவது "சாப்பிட்டீங்களாம்மா" என்ற ஒரு வரியும் கட்டைவிரல் படமும்தான். நான் சாப்பிடுகிறேன்.

அப்பா ஏன் அந்த வண்டியை வாங்கினார் என்று நீ சிறுவயதில் கேட்டபோதெல்லாம், பகட்டுக்காக என்று பதில் சொல்லியிருக்கிறேன். அதையும் இப்போது திருத்த வேண்டும். அவர் கால்நடை இலாகாவில் உதவியாளர். தோட்டம் தோட்டமாகப் போய் மாடுகளுக்கு ஊசி போடுவார். தோட்டத்து மக்கள் அவரை மாட்டு டாக்டர் என்பார்கள். அந்தக் காலத்தில் அந்த வேலைக்கு எல்லோரும் வாங்கியது கப்சாய்தான். சின்ன வண்டி, கனமில்லை, செம்மண் சகதியில் விழுந்தால் ஒரே ஆள் தூக்கி நிறுத்தலாம். இவர் மட்டும் பெட்ரோல் தொட்டி முன்னால் புடைத்துக்கொண்டு, சீட்டு நீளமாக, ஒரு கன்றுக்குட்டி அளவுக்குக் கனமான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். "எல்லாரும் கப்சாய் வாங்குறாங்க, நீங்க மட்டும் ஏன் இத வாங்கினீங்க?" என்றேன். "சீட்டு நல்லா இருக்கு" என்றார். நான் சிரித்தேன். இஞ்சினைப் பார்த்து வாங்குவார்கள், நிறத்தைப் பார்த்து வாங்குவார்கள். சீட்டைப் பார்த்து வண்டி வாங்கிய மனிதர் ஈப்போவிலேயே நீங்கள் ஒருவர்தான் என்றேன். அவர் துணியால் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த வண்டியில் நான் ஒரே ஒரு முறை ஏறினேன். கோலா கங்சார் பக்கம் அவர் வேலை பார்த்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கல்யாணம். உன்னை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, பட்டுச் சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்து போனேன். கால் வைக்க இடமில்லை. பின்னால் உட்காருபவர் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால்தான் கால்மிதி எட்டும்; ஒரு பக்கமாக உட்கார்ந்தவளுக்கு ஒரு கால் மிதியில் நிற்க, இன்னொரு கால் காற்றில் தொங்கும். பெரிய சாலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தோட்டத்துச் சாலையில் திரும்பியதும் குலுங்கிய குலுங்கலில் என் இடது காலின் செருப்பு எங்கோ விழுந்துவிட்டது. திரும்பிப் போய்த் தேடினோம், கிடைக்கவில்லை. கல்யாண வீட்டில் ஒரு காலில் செருப்போடு இறங்கினேன். பந்தல் வாசலில் யார் நிற்க வேண்டும்? கான்வென்ட்டில் என்னோடு ஒரே அறையில் படுத்துப் படித்தவள், இப்போது தோட்ட டாக்டரின் மனைவி, காரில் வந்து இறங்கி நிற்கிறாள். என் காலைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் பந்தலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க உன் அப்பாவிடம் சொன்னேன்: "இது மனுஷங்க ஏறுற வண்டி இல்ல. மாட்டுக்காரன் வண்டி." வரும்போது பஸ்ஸில் வந்தேன். அடுத்த மாதமே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். அதன் பிறகு நாற்பது வருடம், ஒரே கல்யாணத்துக்கு நான் காரிலும் அவர் மோட்டாரிலுமாகப் போய் வந்தோம். ஊர் அதைப் பார்த்துப் பழகிவிட்டது. நாங்களும் பழகிவிட்டோம்.

இனி அந்தப் பதினொரு வாரத்துக்கு வருகிறேன். அப்பாவின் சட்டைகளைக் கொடுத்தாகிவிட்டது, மருந்துகளைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, வண்டி மட்டும் கண்ணெதிரே நின்றது. சேகரை வரச் சொன்னேன். அப்பாவின் வண்டியைத் தொட்ட ஒரே மெக்கானிக் அவர்தான் என்பது உனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு போய்ச் சுத்தம் செய்து, நல்ல ஆளாகப் பார்த்து விற்றுவிடுங்கள் என்றேன். இரண்டு மாதமாகத் தகவல் இல்லை. நேரில் போனேன். வண்டி பட்டறையின் உள்பக்கம், போர்வை போர்த்தி நின்றது. வாங்க வருகிறவர்களிடம் பிரேக் சரியில்லை என்று அவர் சொல்லி அனுப்புவது அங்கே நின்ற பத்து நிமிடத்திலேயே தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. போர்வையை எடுத்தேன். இடப்பக்கம், பின்சீட்டுக்குக் கீழே, ஓர் இரும்புப் படி ஒட்டியிருக்குமே, நினைவிருக்கிறதா? ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம், நுனியில் கொஞ்சம் மடித்துவிட்டது. மருந்துப் பெட்டி வைக்க அவர் போட்டுக்கொண்டது என்று நான் நினைத்திருந்தேன். "முதலில் இந்த அசிங்கத்தை அறுத்தெடுங்கள். இதைப் பார்த்தால் எவன் வாங்குவான்?" என்றேன்.

சேகர் கையைத் துடைத்துக்கொண்டே, "டீச்சர், வண்டிய வேணும்னா வித்துத் தாரேன். அத மட்டும் அறுக்கச் சொல்லாதீங்க லா" என்றார்.

"ஏன்?"

"அது ஒங்களுக்குப் போட்டது."

கையில் இருந்த போர்வையைக் கீழே வைத்தேன். அவரே சொன்னார். "எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு, பட்டற போட்ட புதுசு. மொத மொதல்ல வந்த கஸ்டமரு அண்ணேதான். பேப்பர்ல சுத்தி ஒத்தச் செருப்பு ஒண்ணு கொண்டாந்தாரு. லேடீஸ் செருப்பு, பச்ச வாரு. 'சேலை கட்டி ஒரு பக்கமா ஒக்காந்தா ரெண்டு காலும் இதுல நிக்கணும், செருப்பு வழுக்கக்கூடாது, அளவுக்கு இத வச்சிக்க'ன்னாரு. நுனிய மடிச்சி விடச் சொன்னதும் அவருதான். நான் கேட்டேன், 'அண்ணே, செருப்பு சோடி எங்க?' 'ஒண்ணு தோட்டத்துல கெடக்கு'ன்னாரு. அந்த வண்டிய எடுத்ததே அந்தச் சீட்டுக்காகத்தானாம். கடையில இருந்த அத்தன வண்டியிலயும் அதுல மட்டுந்தான் சீட்டு தட்டையா இருந்திச்சாம். சேலை வழுக்காதாம்."

"பிறகு?" என்றேன்.

"பொறவு என்ன, துரு புடிக்கும், கொண்டாருவாரு. மூணு தடவ புதுசு போட்டுட்டேன் டீச்சர். ஒரு தடவகூட அந்தப் பெயிண்டு மேல கால் வச்ச தடம் இல்ல. ஒரு நாளு நானே கேட்டுட்டேன், 'ஏண்ணே இத சொமந்துக்கிட்டுத் திரியுறீங்க?' 'அவுங்களா கேட்டு ஏறுனா இருக்கணும்ல'ன்னாரு."

அந்தப் பச்சை வார்ச் செருப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒற்றையாக இருந்ததை அவர் எங்கோ தூக்கிப் போட்டுவிட்டார் என்று அதற்காகவும் அப்போது ஒரு சண்டை போட்டேன். ஏன் இந்த வண்டி என்று கேட்டவள், யாருக்காக என்று கேட்கவில்லை. ஆனால் முழுத் தவறையும் நான் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டேன், தம்பி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். படி போட்டிருக்கிறேன், ஏறிப் பார் என்றால் நான் ஏறியிருப்பேனா? அன்று ஏறியிருக்க மாட்டேன். ஐந்து வருடம் கழித்து ஏறியிருப்பேன். கேட்டால் மறுப்பாளோ என்று அவர் கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்காக நான் மறுத்துக்கொண்டே இருந்தேன்.

வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து விடச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு நானே காரை எடுத்துக்கொண்டு காதர் பாய் கடைக்குப் போனேன். அப்பாவின் கூட்டம் ரொட்டி சானாய் சாப்பிடும் இடம். நான் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்த ஹெல்மெட்டுகள் எல்லாம் சட்டென்று மேசைக்கு அடியில் போயின. எனக்குப் புரிந்தது. அப்பா படுக்கையில் இருந்த நாலு மாதமும் இவர்கள்தான் முறை வைத்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஹெல்மெட்டை வீட்டுக்குள் கொண்டு வரக்கூடாது, செருப்பு விடும் இடத்தில் வையுங்கள் என்று சொன்னது நான். மழையில் நனைந்த ஹெல்மெட்டை அப்படியே தலையில் மாட்டிக்கொண்டு போவார்கள். ஹெல்மெட்டுகளை எடுத்து மேசைமேல் வையுங்கள் என்றேன். காதர் பாய், "டீச்சர் ஆர்டர் போட்டாச்சு, எடுத்து வைங்கப்பா" என்றார்.

சர்க்கரை குறைத்து ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவரையும் ஏன் இந்த வண்டி என்று கேட்டேன். வகுப்பறைப் பழக்கம் போகாது. முதலில் லாரி ஓட்டுகிற ஒருவர்: "லாரி என் மொதலாளி தவுக்கே சொல்ற எடத்துக்குப் போவும் ஆன்ட்டி. இது நான் சொல்ற எடத்துக்குப் போவும்." பெரிய மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண்: "எங்க அண்ணனுங்க மூணு பேரு. வேலைக்கு யாரு கொண்டு விடுறதுன்னு தெனம் சண்ட. ஒரு கப்சாய் வாங்குனேன், வீட்டுல சமாதானம்." இன்னொருவர், சின்ன வயதில் தோட்டத்துத் துரை இதே மாதிரி வண்டியில் போவார், என் அப்பா ஓரமாக இறங்கிச் சாக்கடைக்குள் நிற்பார், அதனால் தேடிப் பிடித்து அதே வண்டியை வாங்கினேன் என்றார். வாங்கி என்ன செய்தீர்கள் என்றேன். "அப்பாவ பின்னால ஒக்கார வச்சி அதே ரோட்டுல ரெண்டு ரவுண்டு போனேன். 'இடுப்பு வலிக்குதுடா, எறக்கி விடு'ன்னாரு." எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்தவருடைய வண்டிதான் தெரு முழுக்கக் கேட்கும். "நீங்கள்?" என்றேன். "சத்தத்துக்குத்தான் ஆன்ட்டி. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த நேர்மைக்காக அவருக்கு மட்டும் ஒரு முட்டை ரொட்டி சொன்னேன்.

வீட்டுக்கு வரும்போதுதான் எனக்கு உறைத்தது: அதுவரை முகம் கொடுத்துப் பேசாத மனிதர்களிடம் ஒரு காலை நேரத்தில் கேட்க முடிந்ததை, பெற்ற பிள்ளையிடம் நான் கேட்டதில்லை. உனக்குப் பதினேழு வயதில் லைசென்ஸ் எடுக்க நீ கொண்டுவந்த விண்ணப்பப் பாரத்தைக் கத்தரிக்கோலால் நான்காக வெட்டி உன் கையிலேயே கொடுத்தேன். ஜொகூருக்குப் போய், காலையில் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்கு வண்டியில் போகிறேன் என்றபோது, எந்த லாரிக்கு அடியில் போவாய் என்றேன். இந்தப் பெரிய வண்டியின் படத்தை நீ அனுப்பியபோது, விலை என்ன, எவ்வளவு வேகம் போகும் என்றேன். ஏன் இதை வாங்கினாய் என்று ஒரு முறையும் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குப் பதில் தெரியும் என்று இருந்தேன். உன் அப்பா விஷயத்திலும் அப்படித்தான் இருந்தேன். வயதானவள் புத்தி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பாய். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஒரு பதிலை நீயே மனதில் எழுதி வைத்துக்கொண்டு யாரோடும் நாற்பது வருடம் வாழாதே. உன் மனைவியிடம் கேள். உன் மகள் வளர்ந்து ஏதாவது ஒன்றை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், அது எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும், முதலில் ஏன் என்று கேள். அடுத்தது யாருக்காக என்று கேள். கத்தரிக்கோலை அதற்குப் பிறகு தேடலாம்.

சாவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வண்டியோடு திரும்பி வந்து அது மறுபடியும் என் கைப்பையில்தான் இருக்கிறது. அன்று நான் செய்தது தவறு. சட்டி விஷயத்தில் இல்லை. அதில் நான் சொன்னதுதான் சரி. வண்டி விஷயத்தில் தவறு. அவருடைய கடைசிப் பயணத்தில் அவருடைய வண்டி முன்னால் போயிருக்க வேண்டும். பின்சீட்டு காலியாகப் போவதுதான் அவர்கள் வழக்கம் என்றால், அந்தச் சீட்டு அப்படிப் போவதற்கு மற்ற எல்லாச் சீட்டுகளையும்விட அதிகமாகப் பழகியிருந்தது. அதை நான் நிறுத்தினேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதைப் பத்திரிகையிலும் போடச் சொல்லியிருக்கிறேன். உன் அத்தை இந்தப் பகுதியையும் படிக்கட்டும்.

அடுத்த மாதம் அப்பாவின் ஆண்டுத் திதி. அதற்கடுத்த ஞாயிறு, அன்று நான் நிறுத்திய பயணத்தை முடிக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். கோலா கங்சார் பக்கத்து அந்தத் தோட்டத்துக்கே போகிறார்கள். ரப்பர் எல்லாம் போய்ச் செம்பனை ஆகிவிட்டது, சாலை மட்டும் இன்னும் மண் சாலையாகவே கிடக்கிறது என்கிறார் சேகர். வண்டிக்குச் சாலை வரி, காப்புறுதி எல்லாம் புதுப்பித்துவிட்டேன். சங்கிலி மாற்றியாகிவிட்டது. சேகர் தானே ஓட்டி வருவதாகச் சொன்னார். என் மகன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன், பழைய குணம்.

நீ அப்பாவின் வண்டியை ஓட்டு. பெரிய சாலையில் நான் காரில் பின்னால் வருவேன். என் வயதில் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டு நெடுஞ்சாலையில் வருவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். தோட்டத்துச் சாலை பிரியும் இடத்தில் காரை நிறுத்திவிடுகிறேன். அங்கிருந்து தோட்டத்துக் கோயில் வரை இரண்டு மைல்தான். அந்த இரண்டு மைல் நான் உன் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். சேலைதான் கட்டுவேன். ஹெல்மெட் வாங்கிவிட்டேன், கறுப்பு நிறம், வீட்டுக்குள்தான் வைத்திருக்கிறேன். போன வாரம் சேகர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, முன்கூரைக்குக் கீழேயே ஒரு முறை ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு காலும் அந்தப் படியில் சரியாக நிற்கின்றன. நுனி மடிப்பு செருப்பைப் பிடித்துக்கொள்கிறது. அளவு எடுத்த ஆள் கெட்டிக்காரர்.

உன்னைக் கேட்கிறேன், தம்பி. வருவாயா? வருவதென்றால் எந்த நாள் வீட்டுக்கு வந்து சேருவாய் என்று எழுது. வர மனமில்லை என்றால் அதையும் எழுது, நான் தாங்கிக்கொள்வேன். எதுவானாலும், நீ ஏன் அந்த வண்டியை வாங்கினாய் என்பதையும் சேர்த்து எழுது. போனில் வேண்டாம், கட்டைவிரல் வேண்டாம். தாளில், உன் கையெழுத்தில், தேதி போட்டு, தபாலில் அனுப்பு.

அம்மா